அடியார்க்கும் அடியேன்: பக்தியில் பணிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, கோயிலைச் சுத்தம் செய்கிற உழவாரப் பணிக்குப் போகிற குழு எங்களுடையது. புல் பிடுங்கி முடித்து, கை கால் கழுவி, மண்டபத்தில் உட்கார்ந்து மோர் குடிக்கிற நேரத்தில்தான் புதிதாக வந்தவர்கள் வாயைத் திறப்பார்கள். பக்தி சரி, சாமி கும்பிடுகிறோம், ஆனால் இந்த "அடியேன்", "நாயேன்", காலில் விழுவது இதெல்லாம் எதற்கு என்று சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருவார்கள். அங்கே பேசியதையும், வீட்டுக்கு வந்தபிறகு இப்படிச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியதையும் சேர்த்து எழுதி வைக்கிறேன். எனக்குப் பழக்கம் தேவாரமும் திருவாசகமும், அப்புறம் திவ்யப் பிரபந்தத்தில் கொஞ்சம். உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

பக்தி யோகம் என்றால் என்ன? கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்வதும் அதுவும் ஒன்றுதானா?

அர்ச்சனை அதில் ஒரு பகுதி. கீதையின் 12ஆம் அத்தியாயத்துக்கே பக்தி யோகம் என்றுதான் பெயர். மொத்தம் 20 சுலோகம், ஒரு காபி ஆறுவதற்குள் பொருளோடு படித்துவிடலாம். எனக்குப் பிரியமானவன் யார் என்று கண்ணன் அதில் சொல்லிக்கொண்டு வரும்போது, எத்தனை விளக்கு ஏற்றினான், எத்தனை பிரதட்சணம் வந்தான் என்று ஒரு வார்த்தை கிடையாது. எந்த உயிரையும் வெறுக்காதவன், நட்பும் இரக்கமும் உள்ளவன், நான் எனது என்பது இல்லாதவன் என்றுதான் ஆரம்பிக்கிறான். பாகவதத்தில் பிரகலாதன் வாயால் ஒன்பது வகை பக்தி சொல்லப்படுகிறது: கேட்பது, பாடுவது, நினைப்பது, திருவடித் தொண்டு, அர்ச்சனை, வணங்குவது, அடிமையாக இருப்பது, தோழனாக இருப்பது, கடைசியில் தன்னையே கொடுத்துவிடுவது. அர்ச்சனைச் சீட்டு வாங்குவது ஒன்பதில் ஒன்று, அவ்வளவுதான்.

வைணவப் பெரியவர்களிடம் கேட்டால் இன்னும் நுணுக்கமாகப் பிரிப்பார்கள். ராமானுஜர் வழியில் பக்தி யோகம் என்பது எண்ணெய் ஒழுக்குப் போல இடைவிடாத தியானம், அது எல்லாராலும் ஆகாது, ஆகாதவனுக்குத்தான் சரணாகதி என்பார்கள். அந்தச் சரணாகதிக்கு ஆறு அங்கம். அதில் ஒன்று கார்ப்பண்யம், அதாவது என்னால் ஆகாது, என் கையில் ஒன்றும் இல்லை என்று மனசார ஒப்புக்கொள்வது. எந்தப் பக்கமாக நுழைந்தாலும் வாசலில் குனியத்தான் வேண்டியிருக்கிறது என்பதற்காக இதைச் சொன்னேன்.

பணிவு ஏன் இவ்வளவு முக்கியம்? அன்பு இருந்தால் போதாதா?

நாரத பக்தி சூத்திரம் 84 சின்னச் சின்ன வரிகள். அதில் 27ஆவது, கடவுளுக்குச் செருக்கு பிடிக்காது, எளிமை பிடிக்கும் என்கிறது. சாமிக்குக்கூட விருப்பு வெறுப்பு உண்டா என்று சிலர் மடக்குவார்கள். நான் அதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். மடியில் பிள்ளையை வைத்திருக்கிற அம்மா, நான் எவ்வளவு நல்ல அம்மா என்று யோசித்துக்கொண்டே இருந்தால், பிள்ளை பசியில் வாய் சப்புவதைப் பார்க்கமாட்டாள். கண் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் இருக்கும். அன்பு என்று தனியாக ஒன்று, பணிவு என்று தனியாக ஒன்று எனக்குத் தெரியவில்லை. நம்மை மறந்து இன்னொருவரைப் பார்க்க முடிகிறதே, அதை ஒரு பக்கத்திலிருந்து அன்பு என்கிறோம், இன்னொரு பக்கத்திலிருந்து பணிவு என்கிறோம்.

"அடியேன்" என்பது வெறும் மரியாதைச் சொல்தானே?

பலர் வாயில் அப்படி ஆகிவிட்டது, உண்மைதான். ஆனால் அது ஒரு பழக்கமாகவே வளர்க்கப்பட்ட பேச்சு. வைணவ வீடுகளில் பெரியவர்கள் பேசுவதைக் கேளுங்கள். தன் வீடு மூன்று மாடியாக இருந்தாலும் "அடியேன் குடிசை", எதிரில் இருப்பவர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாலும் "தேவரீர் திருமாளிகை". வாங்க என்பதற்கு "எழுந்தருளணும்". "நான்" என்று சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் ஒரு நாளைக்கு நூறு தடவை "அடியேன்" என்று நாக்கு திரும்பவேண்டும் என்றால், ஒரு பத்து தடவையாவது மனசும் கூடவே திரும்பாதா? அதற்காக ஏற்படுத்தியதுதான் அந்தப் பேச்சு.

சடாரியையும் இதோடு சேர்த்துச் சொல்லவேண்டும். பெருமாள் கோயிலில் தீர்த்தம் வாங்கியபின் தலையில் வைப்பார்களே, கிரீடம் மாதிரி, அடுத்த முறை அதன் உச்சியைக் கவனித்துப் பாருங்கள், இரண்டு பாதம் இருக்கும். அது பெருமாளின் திருவடி, அந்தத் திருவடியாகவே நம்மாழ்வாரை நினைக்கிறார்கள், அவருக்குச் சடகோபன் என்று பெயர், அதனால் அது சடகோபம், பேச்சு வழக்கில் சடாரி. சரி, அந்த நம்மாழ்வார் சன்னதியிலேயே வைக்கிற சடாரிக்கு என்ன பெயர்? ராமானுஜம். ராமானுஜர் சன்னதியில் வைப்பதற்கு? முதலியாண்டான், அவருடைய சீடர் பெயர். அடியாருக்கு அடியார், அவருக்கு அடியார் என்று அந்தச் சங்கிலி போய்க்கொண்டே இருக்கிறது. நம்மாழ்வார் திருவாய்மொழியில் ஒரு பாட்டை முடிக்கிற இடத்தில் அடியார் அடியார் என்று ஏழெட்டுப் படி இறங்கிப் போய், அவ்வளவுக்கும் கீழே நின்றுகொண்டு "அடியோங்களே" என்கிறார்.

தன்னை நாய், புழு என்று சொல்லிக்கொள்வது தாழ்வு மனப்பான்மை இல்லையா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரலாமா?

இதை ரொம்ப அக்கறையோடு கேட்கிற பெற்றோர்கள் இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாணிக்கவாசகர் திருவாசகத்தின் சிவபுராணத்தில் "நாயிற் கடையாய்க் கிடந்த அடியேற்கு" என்று சொன்ன அடுத்த மூச்சில் "தாயிற் சிறந்த தயாவான தத்துவனே" என்கிறார். முதல் வரியை மட்டும் பிய்த்து எடுத்தால் அது தன்னைத் தானே திட்டிக்கொள்வது மாதிரி இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்தால், நான் இருந்த நிலை இது, எனக்குக் கிடைத்தது இது என்று திகைத்து நிற்கிறவரின் குரல் கேட்கும். தாழ்வு மனப்பான்மை உள்ளவனுக்கு அந்த இரண்டாவது வரி வரவே வராது. என்னை யாருக்கும் பிடிக்காது என்று சுருண்டு கிடப்பான், அவனுக்கு எதிரில் யாரும் இருக்கமாட்டார்கள்.

அப்பரும் அப்படித்தான். "புழுவாய்ப் பிறக்கினும் புண்ணியா உன்னடி என்மனத்தே வழுவாதிருக்க வரந்தர வேண்டும்" என்று திருப்பாதிரிப்புலியூரில் பாடுகிறார். புழுவாகப் பிறப்பது அவருக்குப் பிரச்சினையே இல்லை. அவர் பயமெல்லாம் மறந்துவிடுவோமோ என்பதுதான்.

குலசேகர ஆழ்வாரைப் பாருங்கள். அரசர். திருவேங்கடமலையில் ஒரு கொக்காக, மீனாக, மரமாக, எதுவாக இருந்தாலும் சரி என்று பாடிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் "படியாய்க் கிடந்துன் பவளவாய் காண்பேனே" என்று கேட்கிறார். அதில் அடியார்களும் வானவர்களும் ஏறி இறங்குகிற படி என்றும் சொல்லிவிடுகிறார். மிதிபடவேண்டும், ஆனால் மிதிபட்டுக்கொண்டே சாமியின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். இதில் தன் மேல் வெறுப்பு எங்கே இருக்கிறது? எவ்வளவு பேராசை இது! பெருமாள் கோயில்களில் கருவறை வாசற்படிக்கு இன்றைக்கும் குலசேகரன் படி என்றுதான் பெயர்.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாமா என்றால், பாட்டைத் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள், முழுப் பாட்டாக. ஆனால் "நீ ஒன்றுக்கும் உதவாதவன், அதனால் சாமியைக் கும்பிடு" என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். எனக்குத் தெரிந்தவரை அப்படி எந்த நாயன்மாரும் எந்த ஆழ்வாரும் இன்னொருவரைப் பார்த்துச் சொன்னதில்லை. நாயேன் என்பது தன்னைப் பற்றி மட்டுமே சொல்லக்கூடிய வார்த்தை, அடுத்தவர் மேல் எறிந்தால் அது வசவு.

ஏற்கெனவே மனசு உடைந்து கிடப்பவர்களுக்கு, தூக்கம் இல்லாமல், சாப்பிடாமல், வாழப் பிடிக்காமல் இருப்பவர்களுக்கு, முதலில் வேண்டியது மருத்துவரும் பக்கத்தில் உட்கார ஒரு ஆளும். பாட்டு எங்கேயும் போய்விடாது.

சாமியிடம் பணிவாக இருக்கிறேன். மனிதர்களிடமும் பணிவாக இருக்கவேண்டும் என்று ஏன் சொல்கிறீர்கள்?

எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. மற்றதையெல்லாம் படிக்காமல் போனாலும் பரவாயில்லை.

சாமி முன்னால் குனிவது சுலபம். அவர் திருப்பிப் பேசமாட்டார், நம் பெயரைத் தப்பாகச் சொல்லமாட்டார், வரிசையில் நமக்கு முன்னால் புகுந்து நிற்கமாட்டார். இதெல்லாம் செய்கிறவர்கள் பக்கத்தில் நிற்கிற சக மனிதர்கள்தான். பணிவு இருக்கிறதா இல்லையா என்று தெரிவது அங்கேதான்.

திருவாரூரில் நடந்ததாகச் சேக்கிழார் சொல்கிறார். தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருக்கிறார்கள். சுந்தரர் உள்ளே போகிறார், நேரே தியாகேசரைப் பார்க்க. அடியார்களை அன்போடு மனசுக்குள் நினைத்துக்கொண்டாலும் நின்று கும்பிடாமல் ஒதுங்கிப் போய்விடுகிறார். அங்கே விறன்மிண்டர் என்று ஒருவர். அடியார்களை வணங்காமல் போகிற அந்த வன்தொண்டன் (சுந்தரருக்கு இன்னொரு பெயர்) நமக்குப் புறம்பு, அவனை ஆண்டுகொண்ட சிவனும் புறம்பு என்று சொல்லிவிட்டார். சாமியையே தள்ளிவைத்துவிட்டார்! சுந்தரர் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் "தில்லைவாழ் அந்தணர்தம் அடியார்க்கும் அடியேன்" என்று தொடங்குகிற திருத்தொண்டத்தொகை. வேடன், குயவர், வண்ணார், வலை வீசுகிறவர், அரசன் என்று வரிசையாக ஒவ்வொருவருக்கும் அடியேன், அடியேன், அடியேன். தன்னைத் தள்ளிவைத்த அதே விறன்மிண்டர் பெயரையும் விடாமல் சொல்லி அவருக்கும் அடியேன் என்கிறார். நாம் இன்றைக்குக் கோயில் பிராகாரத்தில் 63 பேரை வரிசையாகக் கும்பிடுகிறோமே, அதன் ஆரம்பம் இந்த ஒரு பதிகம்.

இன்னொன்று. திருப்பூந்துருத்தி. ஞானசம்பந்தர் சின்னப் பையன், முத்துச் சிவிகையில் வருகிறார். அப்பர் வயதானவர், எதிர்கொண்டு அழைக்கப் போனவர் கூட்டத்துக்குள் புகுந்து, யாருக்கும் தெரியாமல் சிவிகை தூக்குகிறவர்களோடு சேர்ந்து தோள் கொடுத்துவிட்டார். ஊர் நெருங்கியதும் சம்பந்தர் அப்பர் எங்கே என்று மேலே இருந்து கேட்கிறார். உங்கள் அடியைத் தாங்கி வரும் பெருவாழ்வு எனக்குக் கிடைத்தது, இதோ இங்கே இருக்கிறேன் என்று கீழிருந்து பதில் வருகிறது. சம்பந்தர் பதறி இறங்கி அவரை வணங்கப் போக, அதற்கு முன் அப்பர் அவரை வணங்கிவிடுகிறார். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அவரை முதலில் "அப்பரே" என்று கூப்பிட்டதே இந்தப் பையன்தான். அப்பா என்று கூப்பிட்ட பிள்ளையின் பல்லக்கை அப்பா தூக்குகிறார், அதுவும் யாரும் பார்க்கவேண்டும் என்பதற்காக இல்லை, ஒளிந்துகொண்டு.

வடக்கேயும் இதே பேச்சுதான். வங்காளத்துச் சைதன்யர் (1486–1534), புல்லைவிடத் தாழ்ந்து, மரத்தைவிடப் பொறுத்து, தனக்கு மரியாதை எதிர்பார்க்காமல் பிறருக்கு மரியாதை தந்து ஹரியைப் பாடவேண்டும் என்றார். பிறருக்கு மரியாதை தந்து என்ற இடத்தை விட்டுவிடாதீர்கள்.

இப்படிப் பணிந்துகொண்டே போனால் எல்லாரும் தலையில் ஏறி உட்கார்ந்துவிட மாட்டார்களா?

"என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று பாடியவர் யார்? அப்பர். பல்லவ மன்னன் ஆளனுப்பி வரச் சொன்னபோது "நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்" என்று பாடி, வரமாட்டேன் என்று சொன்னவர் யார்? அதே அப்பர். சுண்ணாம்புக் காளவாய்க்குள் போட்டார்கள், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள் என்று புராணம் சொல்கிறது, அவர் குனியவில்லை. சின்னப் பையனிடம் குனிந்த தோள்தான் அரசனிடம் நிமிர்ந்து நின்றது. இரண்டும் வேறு வேறு குணம் என்று நான் நினைக்கவில்லை. ஒருவனுக்கு ஆள் என்று ஆகிவிட்டபிறகு இன்னொருவனுக்கு ஆளாக இருக்கத் தேவை இல்லாமல் போகிறது.

அதனால் குரு, சாமியார், ஆசிரமம் என்று யாராவது பணிவு என்ற பெயரில் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டால், பெற்றவர்களிடம் பேசாதே என்றால், கேள்வி கேட்பதே அகங்காரம் என்று வாயை அடைத்தால், உடம்பைத் தொட்டால், எழுந்து வெளியே வந்துவிடுங்கள், தேவைப்பட்டால் போலீசுக்குப் போங்கள். எங்கள் உறவிலேயே ஒரு அக்கா நகையெல்லாம் கொடுத்துவிட்டுப் பல வருஷம் தூக்கம் இல்லாமல் இருந்தார். கேட்டபோது, "எதிர்த்துப் பேசினால் பக்தி குறைந்துவிடும்னு நினைச்சேன்" என்றார். நகையைக் கேட்டவரிடம் பக்தி இருந்ததா என்று பார்க்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உண்மையான குரு சீடனைத் தனக்கு அடிமையாக்க மாட்டார், அவரும் அதே வரிசையில் நிற்கிற இன்னொரு அடியார்.

பணிவு என்று சொல்லித்தானே ஒரு பகுதி மக்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தினார்கள்?

ஆமாம். இதைச் சுற்றி வளைத்துப் பூசி மெழுகக் கூடாது. ஆதனூர் நந்தனார் நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று தவித்து, கடைசியில் தில்லையில் தீயில் மூழ்கித்தான் உள்ளே போனார் என்று புராணம். அவருடைய பணிவைப் பாராட்டிப் பாராட்டியே, அவரை வெளியே நிறுத்தியவர்களிடம் யாரும் பணிவைக் கேட்காமல் இருந்துவிட்டோம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் முன்நின்று ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துப் போனது 1939 ஜூலை 8. அவ்வளவு தாமதம்.

ஆனால் அடியார் கதைகளை ஊன்றிப் படித்தால், குனியச் சொல்வது மேலே இருப்பவனைத்தான். உறையூர்ப் பாணர் காவிரிக் கரையில் நின்று அரங்கனைப் பாடிக்கொண்டிருந்தார். கோயிலுக்குத் தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் வழிவிடச் சொல்லிக் கல்லால் அடித்தார். அரங்கன் என்ன சொன்னார்? பாணரைக் குளித்துவிட்டு வரச் சொல்லவில்லை, லோகசாரங்கரைப் பார்த்து, போய் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வா என்றார். பாணர் திருப்பாணாழ்வார் ஆனார், முனிவர் அவருக்கு வாகனம் ஆனார். ராமானுஜர் குளிக்கப் போகும்போது பிராமணச் சீடர் தோளைப் பிடித்துக்கொண்டு போய், குளித்துத் திரும்பும்போது உறங்காவில்லி தாசர் தோளைப் பிடித்துக்கொண்டு வருவாராம். எந்தத் தோள் தீட்டு என்று ஊர் சொன்னதோ அதைக் குளித்த பிறகு தொட்டார். இன்றைக்கும் ஒருவருடைய சாதியைப் பார்த்து எங்கே நிற்கவேண்டும் என்று முடிவு செய்கிற கோயில் இருந்தால், அங்கே பணிவு குறைவு யாரிடம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சாமியிடம் கோபித்துக்கொள்ளலாமா? அது பணிவுக் குறைவு ஆகாதா?

தாராளமாக. சுந்தரருக்குக் கண் போய்விட்டது. திருவாரூருக்கு வந்து பாடுகிறார்: "மீளா அடிமை உமக்கே ஆளாய்" என்று ஆரம்பித்து, உமக்கு ஆளாக இருக்கிற அடியார்கள் தங்கள் துன்பத்தைச் சொன்னால் சும்மா இருப்பீர், நன்றாக "வாழ்ந்து போதீரே" என்று முடிக்கிறார். நம் வீட்டில் வயிறு எரிந்து "நல்லா இரு" என்று சொல்வோமே, அந்த மாதிரி. மீளாத அடிமை என்பதும் இந்த வசவும் ஒரே பாட்டில் இருக்கிறது. ஆண்டாளும் திருப்பாவையில் நாங்கள் அறிவொன்றும் இல்லாத ஆய்க்குலத்துப் பெண்கள் என்று சொல்லிக்கொண்டே, உன்னைச் சிறுபேர் சொல்லிக் கூப்பிட்டதற்குக் கோபிக்காதே, கேட்டதைக் கொடு என்று நிற்கிறாள். உறவு இருக்கிற இடத்தில்தான் சண்டை வரும். வெளியாளிடம் எல்லாரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள்.

நான் பணிவானவன் என்கிற கர்வமே வந்துவிடுகிறதே, என்ன செய்வது?

வரும். எனக்கும் வந்திருக்கிறது. ஒரு கோயிலில் பணி செய்தவர்கள் பெயரைப் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள், என் பெயர் மட்டும் விட்டுப்போயிருந்தது. அன்றைக்கு முழுக்க அந்தப் பலகைதான் என் நெஞ்சுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. புல் பிடுங்கியது எல்லாம் யாருக்காக என்று அப்போது தெரிந்துவிட்டது.

இதற்குப் பெரிய மருந்தாக நான் வைத்திருப்பது "அவனருளாலே அவன்தாள் வணங்கி" என்கிற சிவபுராண வரி. வணங்கியதே அவன் கொடுத்ததுதான் என்றால், நான் வணங்கினேன் என்று பெருமைப்பட என்ன மிச்சம்? இன்னொன்று, அப்பர் திங்களூருக்குப் போன கதை. அப்பூதியடிகள் என்பவர் அப்பரைப் பார்த்ததே இல்லை, ஆனால் பிள்ளைகளுக்கு, தண்ணீர்ப் பந்தலுக்கு, மாட்டுக்குக்கூட அப்பரின் இன்னொரு பெயரான திருநாவுக்கரசு என்று பெயர் வைத்திருக்கிறார். அப்பர் வந்து, உங்கள் பெயரைப் போடாமல் யார் பெயரையோ போட்டிருக்கிறீர்களே என்று கேட்க, அவருக்குக் கோபமே வந்துவிடுகிறது, நீர் யார் என்கிறார். அந்த இடத்தில் நாமாக இருந்தால் எப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருப்போம்! அப்பர் தன் பெயரையே சொல்லவில்லை. சூலை நோயால் ஆட்கொள்ளப்பட்டுப் பிழைத்த, அறிவில்லாத சிறியவன் நான் என்கிறார். ஊரெல்லாம் எழுதி வைத்திருக்கிற பெயருக்குப் பதிலாகத் தன் வயிற்று வலியைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறார்.

படிப்பு இல்லை, மந்திரம் தெரியாது, செலவு செய்ய வசதியும் இல்லை. பரவாயில்லையா?

இலையோ பூவோ பழமோ தண்ணீரோ அன்போடு கொடுத்தால் போதும் என்று கீதையின் 9ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. அதுவும் இல்லாதவர் திருநின்றவூர்ப் பூசலார். காசு திரட்டிப் பார்த்தார், கிடைக்கவில்லை, மனசுக்குள்ளேயே அஸ்திவாரம் தோண்டி, கல் அடுக்கி, கோபுரம் எழுப்பி, குளம் வெட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டார். அதே நாளில் காஞ்சியில் மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. சிவன் கனவில் வந்து, நாளைக்கு நான் பூசலார் கோயிலுக்குப் போகவேண்டும், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்றார். மன்னன் கோபப்படாமல் திருநின்றவூருக்குக் கிளம்பிப் போய், கோயில் எங்கே என்று தேடி, அப்படி ஒன்று இல்லை என்று தெரிந்ததும் பூசலார் காலில் விழுந்தான். பூசலாரைவிட அந்த மன்னனைப் பற்றித்தான் நான் அடிக்கடி நினைப்பேன்.

சரி, எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

அப்பரே திருவாரூர்ப் பாட்டில் வேலைப் பட்டியல் கொடுத்திருக்கிறார்: தினமும் கோயிலுக்குப் போ, விடிவதற்கு முன் பெருக்கு, மெழுகு, பூ கட்டு, பாடு. அவருடைய அக்கா திலகவதியார் திருவதிகையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். பக்கத்துக் கோயிலில் உழவாரக் குழு இருந்தால் சேருங்கள், இல்லாவிட்டால் கோயில் அலுவலகத்தில் அனுமதி கேட்டுத் துடைப்பத்தோடு போங்கள். ஒரு வேண்டுகோள்: கல்வெட்டு மேல் சுண்ணாம்பு, பெயிண்ட் அடிக்காதீர்கள், பழைய ஓவியத்தை ஈரத் துணியால்கூடத் தொடாதீர்கள், கோபுரத்தில் முளைத்த அரசஞ்செடியை இழுத்துப் பிடுங்காதீர்கள், கல்லோடு பெயர்ந்து வரும். ஆர்வத்தில் நிறைய கெடுத்திருக்கிறோம்.

அன்னதானத்தில் வேலை செய்ய விருப்பம் என்றால், பாயசம் பரிமாற எப்போதும் ஆள் இருக்கும். இலை எடுக்கப் போங்கள். நான் முதல் தடவை எச்சில் இலை எடுக்கக் குனிந்தபோது, தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினேன், ரசம் முழுக்க என் காலில். பக்கத்தில் ஒரு பாட்டி, எண்பது இருக்கும், "மடிச்சபடியே அடியில கை குடுத்து எடுடா கண்ணா, அவங்க சாப்பிட்ட இலைதானே" என்றார். சொல்லிக்கொண்டே அடுத்த இலையை இரண்டு கையாலும் பிரசாதம் வாங்குகிற மாதிரி எடுத்தார், ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

மூட்டு வலி. விழுந்து கும்பிட முடியவில்லை. குறையாகிவிடுமா?

ஆகாது. ஆண்களுக்கு எட்டு அங்கமும் பெண்களுக்கு ஐந்து அங்கமும் தரையில் படவேண்டும் என்று முறை உண்டு, கொடிமரத்துக்கு வெளிப்பக்கம்தான் விழவேண்டும் என்பதும் உண்டு. முடிந்தவர்களுக்கு அது. முடியாவிட்டால் நின்றபடி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினால் போதும். எழுந்திருக்க யாராவது கை கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.